செராஸில் இருந்த என் கம்பளம்

போன ஞாயிற்றுக்கிழமை நாம் மூவரும் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்கு மளிகை வாங்கப் போனோமே, நினைவிருக்கிறதா? உங்கள் அம்மா எழுதிக் கொடுத்த பட்டியலில் கடைசியாக இருந்த கசகசாவைக் கடைக்காரர் உள்ளே போய்த் தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கவின் சும்மா இருப்பானா? மூலையிலிருந்த சாக்குக்குள் கையை விட்டு, பிங்பாங் பந்து அளவில் கறுப்பாக ஒன்றை எடுத்து, காதருகே வைத்து ஆட்டினான். உள்ளே விதைகள் கடகடவென்றன.

“அப்பா, இந்த எலுமிச்சைக்கு என்னாச்சு? செத்துப்போச்சா?”

“வெயில்ல காயவெச்சது தம்பி,” என்று உள்ளிருந்தே குரல் வந்தது. “வெளிநாட்டுக்காரங்க கேப்பாங்கன்னு எடுத்து வெச்சேன். இப்ப யாரும் வர்றதில்ல லா.”

நான் அதை வாங்கி மூக்கருகே வைத்தேன். புளிப்பும் கசப்பும் கொஞ்சம் புகையும் கலந்த வாசனை. என்னையறியாமல் அதன் பாரசீகப் பெயர் வாயில் வந்துவிட்டது. தர்ஷினி திரும்பிப் பார்த்தாள்.

“என்னா பாஷைப்பா அது?”

“ஃபார்சி. ஈரான்ல பேசுறது. அப்பா யுனிவர்சிட்டில படிச்சேன்.”

நீங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் கசகசா பொட்டலத்தோடு வந்து சேர்ந்துகொண்டார். நியாயமான சிரிப்புதான். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதிலும் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணை இன்றுவரை உங்களிடம் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஆனால் யுனிவர்சிட்டியில் படித்தது உண்மை. ஒன்பது மாதம், வாரத்தில் இரண்டு மாலை. காரில் வரும்போதே சொல்லியிருப்பேன். நீங்கள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஒரு சிநேகிதனின் கதை மாதிரி நினைத்துப் படியுங்கள். அப்பா சொல்கிறார் என்று நினைத்தால் நடுவில் எழுந்து போய்விடுவீர்கள்.

அந்தக் காய்ந்த எலுமிச்சையின் வாசனை எங்கள் வகுப்பறையின் வாசனை. எங்கள் ஆசிரியை ஒரு பெரிய ஃப்ளாஸ்க்கில் தேநீர் கொண்டுவருவார். யாருக்காவது தொண்டை கட்டியிருந்தால் அன்றைக்கு ஓர் எலுமிச்சையை உடைத்து அதில் போட்டிருப்பார். இரண்டாம் மாடிக்குப் படியேறும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும், யாரோ இருமியிருக்கிறார்கள் என்று.

நான் அப்போது சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். எங்கள் பிரிவை அந்த வருட முடிவில் வேறு நாட்டுக்கு மாற்றப்போவதாக அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். இயந்திரங்கள் கப்பலேறிப் போகும், நாங்கள் போக மாட்டோம். அப்படி வேலை தேடிக்கொண்டிருந்த நாளில்தான் பிரிக்ஃபீல்ட்ஸில் சுற்றுலா ஏஜென்சி வைத்திருந்த மணியம் பாஸைப் பார்த்தேன். மாடியில் சின்ன அலுவலகம். மேசையில் மூன்று தொலைபேசி. மூன்றும் ஒரே நேரத்தில் அடிக்கும். அந்த வருடங்களில் ஈரானிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சுற்றுலாப் பயணிகள் இங்கே வரத் தொடங்கியிருந்தார்கள்.

“அரபு பேச ஆள் இருக்கு. ஃபார்சி பேச ஆள் இல்ல,” என்றார் மணியம் பாஸ். “நானும் அவங்களும் கையக் காலக் காட்டித்தான் பேசிக்கிறோம். போன வாரம் ஒருத்தரு பாத்ரூம் கேட்டிருக்காரு. நான் அவர பத்துமலைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். நல்ல மனுசன், அத்தன படியையும் ஏறிட்டாரு.”

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். “லைசென்ஸ் இருக்கு, வயசு இருக்கு. யுனிவர்சிட்டில சாயங்கால கிளாஸ் நடத்துறாங்களாம், வெளியாளுங்களும் சேரலாம். சர்டிபிகேட் கொண்டா. மறுநாளே வேன் சாவி ஒன் கையில. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குறேன், கோவிச்சுக்காத.”

இப்படித்தான் நான் பல்கலைக்கழக மாணவன் ஆனேன். எனக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு காகிதம். அது கிடைத்தால் வேன். கிடைக்காவிட்டால் வருட முடிவில் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து மத்தியான நாடகம் பார்க்க வேண்டியதுதான்.

வகுப்பில் பதினான்கு பேர். மலாய்க்கார நண்பர்களுக்கு, மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி முன்பே தெரிந்திருந்ததால் முதல் வாரத்திலேயே செய்தித்தாளை எழுத்துக்கூட்டத் தொடங்கிவிட்டார்கள். நானும் ஜோசப்பும்தான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வலமிருந்து இடமாகக் கோடு போட்டுப் பழகினோம். ஜோசப்பின் அப்பா ரயில்வேக்காரர். அவன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில். கூரியர் அலுவலகத்தில் குமாஸ்தா. என் வாழ்க்கையில் நான் சந்தித்த மிக நேர்மையான மாணவன் அவன்தான். முதல் நாள் ஆசிரியை ஒவ்வொருவரிடமும் எதற்காகச் சேர்ந்தீர்கள் என்று கேட்டார். ஒருவர் இலக்கியம் என்றார். இன்னொருவர் வரலாறு என்றார். ஜோசப் எழுந்து, குளிர்சாதனப் பெட்டியைக் காட்டி, “ஏர்கோன் நல்லா இருக்கு டீச்சர்,” என்றான்.

நான், “வேன் ஓட்ட,” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. திரும்பிப் பலகையில் ஒரு சொல்லை எழுதி, “ரானந்தே. ஓட்டுநர். இன்றைக்கு இதிலிருந்து தொடங்கலாம்,” என்றார். நான் கற்ற முதல் பாரசீகச் சொல் அதுதான்.

அவர் பெயர் நஸ்ரின். வயதில் என்னைவிட ஒன்றோ இரண்டோ கூட இருக்கலாம், அவ்வளவுதான். கணவர் பெஹ்ரூஸ் அதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆராய்ச்சி மாணவர். நஸ்ரின் வேகமாகப் பேசுவார், வேகமாகத் திருத்துவார். தப்புக்குச் சிவப்பு மை, சரிக்குப் பச்சை மை. என் நோட்டுப் புத்தகத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெற்றிலை போட்டுத் துப்பியது மாதிரி இருக்கும்.

மொழியில் பாதிதான் புத்தகத்தில் இருக்கிறது, மீதிப் பாதி சாப்பாட்டு விரிப்பில் இருக்கிறது என்பது அவர் கட்சி. அதனால் எங்களுக்கு அடிக்கடி சாப்பாடு கிடைத்தது. கற்கண்டுபோல் கெட்டியான சர்க்கரைத் துண்டைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு தேநீரை அதன் வழியாக உறிஞ்சக் கற்றுக்கொண்டோம். அவர்களுடைய புத்தாண்டுக்கு ஒரு மேசையில் கண்ணாடி, பூண்டு, ஆப்பிள், செராஸ் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய இரண்டு தங்கமீன் என்று அடுக்கி வைத்தார். நடுவில் ஒரு தட்டில் பச்சைப் பசேலென்று முளைவிட்ட கோதுமை. “இது நம்ம முளைப்பாரில்ல!” என்று நான் தமிழில் கத்திவிட்டேன். நிலத்துக்கு அவர்கள் ஜமீன் என்கிறார்கள். சந்தைக்கு பாஜார். மலாய்க்காரர்களின் பாசாரும் நம் பஜாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்த அன்று எனக்கு ஏதோ சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்ததுபோல் இருந்தது.

இன்னொன்று, சட்டியின் அடியில் பொன்னிறமாகப் பிடித்த சோறு. நம் வீட்டில் சோறு அடிப்பிடித்தால் உங்கள் அம்மா முகம் எப்படி ஆகும்? அங்கே அதை வேண்டுமென்றே பிடிக்க வைத்து, மரியாதைக்குரிய விருந்தாளிக்கு முதலில் வைப்பார்கள். இதை அம்மாவிடம், அதாவது என் அம்மாவிடம், வந்து சொன்னேன். “அப்ப நான் இத்தன வருசமா ஈரான் சமையல்தான் சமைச்சிருக்கேன்,” என்றார்.

சரி, கம்பளத்துக்கு வருகிறேன்.

கடைசித் தேர்வில் எழுத்து ஒன்று, வாய்மொழி ஒன்று. இரண்டிலும் தேற வேண்டும். வாய்மொழித் தேர்வை நடத்துவது நஸ்ரினேதான். அதற்கு ஒரு வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை, வகுப்பு மொத்தத்தையும் செராஸில் தன் அடுக்குமாடி வீட்டுக்கு மத்தியான விருந்துக்கு அழைத்திருந்தார். சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவ உதவி, எல்லாரும் கிளம்பும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கார் வைத்திருந்தவர்கள் போய்விட்டார்கள். ஜோசப்புக்கு சனிக்கிழமை மாலைப் பூசை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டான். “நீ பஸ்ஸுதானே, விட்டதும் போ லா,” என்று கத்திவிட்டுப் போனான். நான் மட்டும் மாட்டிக்கொண்டேன்.

நஸ்ரின் உள்ளே தேநீர் போடப் போனார். நானும் பெஹ்ரூஸும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அந்த வீட்டில் மாணவர்கள் பாரசீகம்தான் பேச வேண்டும் என்பது நஸ்ரினின் சட்டம். நான் என் பெயரைச் சொன்னேன். வேலையைச் சொன்னேன். மழை பெய்கிறது என்றேன். எனக்கு ஓர் அக்கா இருக்கிறார் என்றேன். விருந்து சுவையாக இருந்தது என்றேன். அத்தோடு என்னிடம் இருந்த வாக்கியங்கள் தீர்ந்துவிட்டன. மழை தீரவில்லை.

கண்ணில் பட்டதையெல்லாம் புகழ ஆரம்பித்தேன். ஜன்னல் பெரியதாக இருக்கிறது என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். கடிகாரம் புதியதாக இருக்கிறது என்றேன். நன்றி சொன்னார். எதிர்ச் சுவரில் ஒரு சின்னக் கம்பளம் தொங்கியது. பள்ளிக்கூட பெஞ்ச் நீளம் இருக்கும். அடர்சிவப்பு, ஓரத்தில் நீலம், நடுவில் ஒரு மரம், மரத்தில் இரண்டு பறவைகள். “இந்தக் கம்பளம் மிக மிக அழகாக இருக்கிறது,” என்றேன். ஏழாம் பாடத்து வாக்கியம். ஒரு பிழைகூட இல்லை.

பெஹ்ரூஸ் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, “இது உங்களுடையது. எடுத்துக்கொள்ளுங்கள்,” என்றார்.

இவ்வளவு பெரிய பொருளை எப்படி வாங்குவது என்று ஒரு நிமிடம் தயங்கினேன். ஆனால் நான் எப்படி வளர்ந்தவன் தெரியுமா? யாராவது ஒன்றைக் கொடுத்து நான் வேண்டாம் என்று தலையாட்டினால், வீட்டுக்கு வந்ததும் அம்மா காதைப் பிடித்துத் திருகுவார். “குடுக்குற கையத் தட்டிவிட்டா அவங்க மொகம் என்னாத்துக்கு ஆகும்?” என்பார். ஒரு முறுக்கானாலும் இரண்டு கையை நீட்டி வாங்க வேண்டும். நான் எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த நன்றி அத்தனையையும் வரிசையாகச் சொன்னேன். இரண்டு கையையும் நீட்டினேன்.

பெஹ்ரூஸ் என் கைகளைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கம்பளத்தை ஆணியிலிருந்து மெதுவாகக் கழற்றினார். நஸ்ரின் தேநீர்த் தட்டோடு வந்து வாசலில் நின்றார். “பெஹ்ரூஸ்...” என்றார். அவர் திரும்பாமல் நாற்காலியிலிருந்து இறங்கினார். நஸ்ரின் என்னைப் பார்த்தார், கம்பளத்தைப் பார்த்தார். “ராஃபியா கயிறு அடுப்படி டிராயரில் இருக்கிறது,” என்றார். பெஹ்ரூஸே சுருட்டி, அவரே இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, மழை படாமல் பிளாஸ்டிக் பையும் சுற்றிக் கொடுத்தார். இப்படியும் தங்கமான மனிதர்கள் உண்டா என்று லிஃப்டில் இறங்கும்போது எனக்குக் கண் கலங்கியது.

கேஎல் சென்ட்ரலில் தோளில் கம்பளத்தோடு கொமுட்டர் ரயிலில் ஏறினேன். திரும்பும்போதெல்லாம் யாரையாவது இடித்தேன். ஒரு மலாய்ப் பெரியவர், “கார்பெட் பெராப்பா, டிக்?” என்று விலை கேட்டார். விற்பனைக்கு இல்லை என்றேன். அவராகவே ஒரு விலை சொன்னார், இரண்டு ஸ்டேஷன் கழித்து அதை உயர்த்தினார். பெட்டாலிங்கில் ஏறிய ஒரு தமிழ் ஆன்டி, “எங்க தம்பி சேல் போட்டிருக்கான்?” என்றார்.

“சேல் இல்ல ஆன்டி, என் டீச்சர் குடுத்தாங்க.”

“எந்த ஸ்கூல் அது? எம் பையனையும் சேக்கணும்!”

அம்மா கம்பளத்தைப் பார்த்ததும் இரண்டு கன்னத்திலும் கை வைத்துக்கொண்டார். தரையில் விரிக்கக் கூடாது என்றார். நம் பழைய சோபாவின் முதுகில் விரித்தார். மறுநாள் காலையில் பார்த்தால் அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டு நான்கு பக்கமும் பின் குத்தியிருந்தார். பறவைகள் இரண்டும் பொட்டலத்துக்குள் இருப்பதுபோல் தெரிந்தன. பக்கத்து வீட்டார் வந்து பார்த்தார்கள். எல்லாரிடமும் அம்மா, “யுனிவர்சிட்டில குடுத்தது,” என்றார். கேட்டவர்கள் அதை ஏதோ முதல் பரிசு என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஜோசப்பிடம் சொன்னேன். அவன் வாயிலிருந்த தேநீர் என் நோட்டுப் புத்தகத்தில் விழுந்தது.

“டேய், வெளாட்டுக்குத்தானே சொல்ற?”

“சத்தியமா லா. சோபா மேல இருக்கு.”

“வியாழக்கிழம கிளாஸ் முழுக்க அதானேடா சொல்லிக்குடுத்தாங்க! எங்க போயித் தொலஞ்ச?”

வியாழக்கிழமை எனக்கு ஓவர்டைம். நான் போகவில்லை. அன்றைக்கு நடந்த பாடத்தின் பெயர் தாரோஃப். ஈரானியர்களுடைய உபசார வழக்கம் அது. விருந்தாளி எதைப் புகழ்ந்தாலும் வீட்டுக்காரர், “உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள்,” என்று சொல்ல வேண்டும். விருந்தாளி, “ஐயோ, உங்களிடம் இருந்தாலே அழகு,” என்று மறுக்க வேண்டும். சாப்பாடென்றால் இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவது தடவை உட்காரலாம். பொருளென்றால் எடுக்கவே கூடாது. கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் மனசு நிறையும், பொருள் சுவரிலேயே இருக்கும்.

“எடுத்துக்கன்னு சொன்னா நெசமாவே சுருட்டிட்டுப் போவான் ஒருத்தன்னு அந்த நாட்டுச் சரித்திரத்துலயே யாரும் நெனச்சிருக்க மாட்டாங்கடா,” என்றான் ஜோசப். பிறகு குரலைத் தாழ்த்தினான். “அது பெஹ்ரூசோட அம்மா கைப்பட முடிச்சுப் போட்டது. கல்யாணத்துக்குக் குடுத்தது. டீச்சர் எங்கிட்ட ஒரு தரம் சொல்லிருக்காங்க. பெட்டில எடம் இல்லன்னு குளிர் உடுப்பெல்லாம் விட்டுட்டு இதத் தூக்கிட்டு வந்தாங்களாம்.”

நான் நஸ்ரினைப் பார்த்தேன். அன்று அவர் என் வாக்கியங்களைத் திருத்தவே இல்லை. முதல் கோப்பைத் தேநீரை எனக்குத்தான் கொடுத்தார். வழக்கத்தைவிட மரியாதையாக இருந்தார்.

சனிக்கிழமை வாய்மொழித் தேர்வு. இவர் என்னைப் பேராசைக்காரன் என்று நினைத்துவிட்டால்? நினைக்காமல் எப்படி இருப்பார்? சர்டிபிகேட் போனால் வேன் போயிற்று.

“தேர்வுக்கு முன்னாடியே திருப்பிக் குடுத்திடறேன்,” என்றேன்.

“முன்னாடி குடுத்தா மார்க்குக்குக் காக்கா பிடிக்கிற மாதிரி இருக்கும்.”

“அப்ப பின்னாடி.”

“பின்னாடி குடுத்தா, மார்க் வாங்குற வரைக்கும் பிடிச்சு வெச்சிருந்த மாதிரி இருக்கும்,” என்றான். “அதவிட, நீ திருப்பிக் குடுத்தா அவங்க வாங்கவே மாட்டாங்க. அதுவும் தாரோஃப்தான். அந்தக் கிளாஸ் அடுத்த செமஸ்டர்லதான் வருது.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழுந்து போய் சோபாவிலிருந்த பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மாமியார் கையால் செய்தது என்ற வார்த்தை அவருக்குப் போதுமாக இருந்தது. கடைசிப் பின்னைக் கழற்றியதும், “நானும் வரேன்,” என்றார்.

“நீங்க எதுக்கும்மா?”

“பாத்திரமோ பாயோ, வந்த பொருள வெறுமனே திருப்பிக் குடுக்குற பழக்கம் நமக்கு இல்ல. ஒனக்கு இதெல்லாம் தெரியாது.”

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, விடுமுறை போட்டுவிட்டு, மத்தியானம் டாக்சியில் போனோம். அம்மா தீபாவளிப் புடவை கட்டியிருந்தார். மடியில் எவர்சில்வர் தட்டு. அதில் ஒரு சீப்பு ராஸ்தாளி, ஆரஞ்சு, பூ, ஒரு டப்பா முறுக்கு. என் மடியில் கம்பளம். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, “பொண்ணு பாக்கவா அங்கிள்?” என்று என்னைக் கேட்டார். எனக்கு இருபத்தைந்து வயது.

கதவைத் திறந்த நஸ்ரின் எங்களைப் பார்த்துத் திகைத்து, உடனே முகம் மாறி, வாங்க வாங்க என்று உள்ளே அழைத்தார். பெஹ்ரூஸும் எழுந்து வந்தார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் அம்மா தட்டை நீட்டிவிட்டார்.

“எடுத்துக்கங்கம்மா. புள்ள தெரியாமத் தூக்கியாந்துட்டான். மனசுல வெச்சுக்காதீங்க.”

நஸ்ரின் நெஞ்சில் கைவைத்து, பாரசீகத்தில், இதெல்லாம் எதற்கு, வேண்டவே வேண்டாம் என்றார். தட்டை மெல்ல அம்மா பக்கம் தள்ளினார். அம்மா தமிழில், வேண்டாம்னு சொல்லக் கூடாது என்று தள்ளினார். நஸ்ரின் தள்ளினார். அம்மா தள்ளினார். ஒருவர் மொழியில் மற்றவருக்கு ஒரு சொல் தெரியாது. மொழிபெயர்க்க நான் வாய் திறந்தேன், இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவில்லை. ஒன்பது மாதம் படித்த எனக்கு வராதது, ஒரு வகுப்புக்கும் போகாத அம்மாவுக்குத் தண்ணீர் பட்ட பாடாக வந்தது. கடைசியில் ஓர் ஆரஞ்சு உருண்டு கீழே விழுந்தது. எடுக்க இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து, நெற்றியோடு நெற்றி இடித்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரே சிரிப்பு. தட்டு நஸ்ரின் கைக்குப் போய்விட்டது.

கம்பளம் போகவில்லை. நான் நீட்டினேன். “கொடுத்தது கொடுத்ததுதான். அது உங்களுடையது,” என்றார் பெஹ்ரூஸ். மன்னிப்புச் சொல்லி மறுபடி நீட்டினேன். மறுத்தார். மூன்றாவது முறையும் மறுத்தார். எனக்குத் தெரிந்த கணக்கு மூன்றோடு முடிந்துவிட்டது. நான்காவது முறையும் அவர் வேண்டாம் என்றபோது எனக்குத் தலை சுற்றியது. ஒருவேளை உண்மையாகவே வேண்டாம் என்கிறாரோ?

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். வாய் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்க, கம்பளத்தின் ஓரத்துக் குஞ்சத்தை அவர் விரல்கள் ஒவ்வொன்றாக நீவி நேராக்கிக்கொண்டிருந்தன. அவருக்கே தெரியாமல்.

நான் மனப்பாடம் செய்ததையெல்லாம் விட்டுவிட்டேன். சொல்லைத் தேடித் தேடி, மெதுவாகச் சொன்னேன். “சரி. கம்பளம் என்னுடையது. மிக்க நன்றி. ஆனால் எங்கள் வீட்டுச் சுவர் ஈரம். உங்கள் சுவர் நல்ல சுவர். என் கம்பளத்தை இங்கே பத்திரமாக வைத்திருப்பீர்களா? நான் அடிக்கடி வந்து பார்த்துக்கொள்கிறேன்.”

மூன்று பிழை இருந்ததாகப் பிறகு நஸ்ரின் சொன்னார். பெஹ்ரூஸ்தான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பி மூக்கை உறிஞ்சினார். நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, அவர் அதைப் பழைய ஆணியிலேயே மாட்டினார்.

“என்னாடா சொன்ன?” என்று அம்மா என்னைக் கிள்ளினார். சொன்னேன்.

“பொய் சொல்லாத. நம்ம சுவத்துல எங்கடா ஈரம்?”

சனிக்கிழமை தேர்வில் நஸ்ரின் எனக்கு இறந்தகால வினைகளாகப் பார்த்துக் கேட்டார். திணறினேன். நூற்றுக்கு ஐம்பத்து மூன்று. தேறுவதற்கு ஐம்பது வேண்டும். பாதி வேடிக்கையாக, வியாழக்கிழமை பேசியதற்கு ஏதாவது கூடுதல் உண்டா என்று கேட்டுப் பார்த்தேன். “கம்பளம் பாடத்திட்டத்தில் இல்லை,” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். ஆனால் என் தாளில் ஒரே ஓர் இடத்தில் பச்சை மையால் எழுதியிருந்தார். ‘நல்ல விருந்தாளி.’ அதற்கு மதிப்பெண் கிடையாது.

திங்கட்கிழமை மணியம் பாஸ் சர்டிபிகேட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு வேன் சாவியைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் நல்ல வருடங்கள். கேஎல்ஐஏ விமான நிலையத்தின் வருகைக் கதவருகே, நானே கோணல்மாணலாக எழுதிய பெயர்ப் பலகையோடு நிற்பேன். பலகையைப் பார்த்ததும் அவர்களுக்குச் சிரிப்பு வரும். நான் வாய் திறந்து வணக்கம் சொன்னதும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பத்துமலைக் குரங்குகள் அவர்களுடைய பிஸ்தாவைப் பிடுங்கியதையும், ஒரு பெரியவர் டுரியானை முகர்ந்துவிட்டு என்னிடம் மருத்துவமனைக்கு வழி கேட்டதையும் தனியாக எழுத வேண்டும்.

பெஹ்ரூஸ் வீட்டுக்கு மாதம் ஒரு முறை போவேன். கதவைத் திறக்கும்போதே, “உங்கள் கம்பளம் நலமாக இருக்கிறது,” என்பார். தர்ஷினி, நீ எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது உன்னைக் கொண்டுபோனோம். அதைச் சுவரிலிருந்து இறக்கி உனக்காகத் தரையில் விரித்தார்கள். அதன்மேல் நீ செய்த காரியத்தை இங்கே எழுதவில்லை. நான் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன், அவர்கள் மூன்று தடவை பரவாயில்லை என்றார்கள். என் அம்மா அதற்குள் சோப்புத்தூளும் தண்ணீருமாக வந்து நின்றார்.

பிறகு பெஹ்ரூஸுக்குக் குளிர்தேசம் ஒன்றில் வேலை கிடைத்தது. சாமான் கட்டும் நாளில், கம்பளத்தை எடுத்துப் போகலாமா என்று என்னிடம் முறையாக அனுமதி கேட்டார். நானும் முறையாக இழுத்தடித்துவிட்டுக் கொடுத்தேன். அவர்களைப்போலவே மற்ற ஈரானியர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். விமானங்கள் குறைந்தன. அவர்கள் பணத்தின் மதிப்பு விழுந்தது. ரொட்டி சுடும் அடுப்பு வாசலிலேயே இருந்த ஈரானியச் சாப்பாட்டுக் கடை இப்போது கைப்பேசிக் கடை. மாலை வகுப்பில் சேர ஆள் போதவில்லை என்று அதை நிறுத்திவிட்டார்கள். மணியம் பாஸ் வேனை விற்றார், மேசையை விற்றார், மூன்று தொலைபேசியையும் யாரும் வாங்கவில்லை. ஜோசப் ஈப்போவுக்கு மாற்றலாகிப் போனான். போனில் பேசும்போது அவனுக்கு ஞாபகம் இருப்பது ஏர்கோன் மட்டும்தான்.

எனக்கும் சொற்கள் போய்க்கொண்டிருக்கின்றன. பேசாத மொழி தங்காது. ஆனால் ஒரு காட்சி மட்டும் அப்படியே இருக்கிறது. காலை எட்டு மணி. ஹோட்டல் வாசல். வேன் கதவைத் திறந்து வைத்துவிட்டு நிற்கிறேன். அப்பா, அம்மா, சித்தப்பா, மைத்துனர், பிள்ளைகள் என்று பத்துப் பேர். யாரும் ஏறவில்லை. நீங்கள் முதலில் என்கிறார் ஒருவர். அதெப்படி, நீங்கள்தான் என்கிறார் மற்றவர். பெரியவர் சின்னவரைக் காட்டுகிறார், சின்னவர் நெஞ்சில் கைவைத்துப் பின்வாங்குகிறார். நடுவில் என்னையே முதலில் ஏறச் சொல்கிறார்கள், ஓட்டுநர் கதவு அந்தப் பக்கம் என்று தெரிந்தும். என் கைப்பேசியில் மணியம் பாஸ் கத்துகிறார்.

“எங்கடா இருக்க? கெந்திங் மலைக்குப் போயிட்டியா?”

“ஹோட்டல் வாசல்ல பாஸ். யாரு மொதல்ல ஏர்றதுன்னு இன்னும் முடிவாகல.”

அதற்காகவே அவர் பயண அட்டையில் எல்லா நேரத்தையும் அரை மணி முன்தள்ளி அச்சடிக்கத் தொடங்கினார்.

இப்போது என் காரில் ஏறுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். வாடகைக் கார் செயலியில் மணி அடிக்கும், போய் நிற்பேன், ஏறிவிடுவார்கள். மூன்று பேர் வந்தால் மூன்று கதவையும் ஒரே நேரத்தில் திறப்பார்கள். இரண்டு விநாடிகூட ஆகாது. அவர்களைக் குறை சொல்லவில்லை, எல்லாருக்கும் அவசரம், எனக்கும் அடுத்த பயணம் காத்திருக்கும். ஆனால் அதே ஹோட்டல் வாசல்களில் இன்றைக்கும் போய் நிற்கிறேன். நான் காத்திருக்கும்படி அங்கே யாரும் யாருக்கும் வழிவிட்டுக்கொண்டு நிற்பதில்லை.